இரண்டு கேபிள், ஒரே பள்ளம்

தலையைக் குனிந்தபடி, சாலையோரத்து மண்ணைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு காலடியையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வருகிறார். தபால் நிலைய மூலையில் நிற்கிறார். குடையின் நுனியால் நடைபாதைக் கல்லை இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். மறுபடியும் குனிந்து நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் காலை. காய்கறி வண்டிக்காரர் இந்தத் தெருவுக்குப் புதியவர். கையிலிருந்த தக்காளியைத் தட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“என்னம்மா, கம்மல் விழுந்துடுச்சா?”

“இல்லைங்க.”

“திருகாணியா? இருங்க, நானும் பாக்குறேன். பொடிசா இருக்கும், மிதிச்சுடாதீங்க.”

“கேபிள் போட வழி பாக்குறேங்க. நூத்தி நாப்பத்தி… அய்யோ, எண்ணிக்கையை மறக்கடிச்சுட்டீங்களே!”

திரும்பிப் போய், தெருமுனையிலிருந்து முதல் காலடியை எடுத்து வைத்தார். வண்டிக்காரர் ஒன்றும் விளங்காமல் சலவைக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “பழகிப்போயிடும்.”

காலடி எண்ணிய அந்த அம்மாவுக்கு மின் விநியோக அலுவலகத்தின் திட்டப் பிரிவில் வேலை. வயது ஐம்பத்திரண்டு. புதிதாக ஒரு குடியிருப்போ பட்டறை வரிசையோ மருத்துவமனையோ வந்தால், துணைமின் நிலையத்திலிருந்து மின்சாரத்தை எந்தத் தெரு வழியாக, எந்த வடிவில் அங்கே கொண்டுபோவது என்று மூன்று விதமாக வரைந்து, ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்து கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. அலுவலகத்தில் முகத்துக்கு நேராக அவர் ‘மேடம்’. முதுகுக்குப் பின்னால் ‘ரெண்டாவது வழி’. எந்த வரைபடத்தை நீட்டினாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி அதுதான்: “சரி, ரெண்டாவது வழி எது?”

அவர்கள் வீட்டு மாடியில் எட்டு வருடமாகக் குடியிருப்பதால் எனக்குத் தெரியும், இந்தக் கேள்வி அலுவலக வாசலோடு நிற்பதில்லை. வீட்டுப் பூட்டுக்கு மூன்று சாவி; ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அடுப்படியில் லைட்டருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டி ஈரமானால் என்ன செய்வது என்பதற்கு இன்னொரு தீப்பெட்டி, அலமாரியின் மேல் தட்டில். சினிமாவுக்குப் போனால் படம் தொடங்கும் முன் எழுந்து போய் மற்றக் கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருவார். ஒருமுறை அவர் தள்ளிய கதவு ஆப்பரேட்டர் அறையுடையது. அன்றைக்குப் படம் ஐந்து நிமிடம் தாமதம்.

அவருடைய கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பேச்சில் சுவையான மனிதர். “பார்வை சரியில்லாதவங்க எல்லாம் கடைக்கு வர்றாங்க. அவங்களைச் சமாளிச்சிடலாம். எல்லாமே தெரியுற ஆள் வீட்ல இருக்கு பாருங்க, அதுதான் கஷ்டம்” என்பார். “இவ்வளவு கேக்குறவ, கல்யாணத்தன்னைக்கு மட்டும் ரெண்டாவது வழி கேக்கலையே.”

“கேட்டேனே” என்று உள்ளேயிருந்து பதில் வரும். “எங்கப்பாதான் இல்லைன்னுட்டார்.”

அவர் ஒப்பிடும் முறை சிக்கலானதல்ல. ஒரு பகுதிக்கு மூன்று தாள். முதல் தாளில் ஒற்றை வழி: துணைமின் நிலையத்திலிருந்து ஒரு கேபிள் புறப்பட்டு, மரம் கிளை விடுவதுபோலப் பிரிந்து பிரிந்து போய்க் கடைசி வீட்டோடு முடிந்துவிடும். இரண்டாவது தாளில் வளையம்: கேபிள் ஊரைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கோ வேறொரு துணைமின் நிலையத்துக்கோ போய்ச் சேரும். எந்த வீட்டுக்கும் இடப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும் மின்சாரம் வரலாம். மூன்றாவது தாளில் வலை: எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் இணைப்பு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் கோட்டின்மேல் ஓர் இடத்தில் பெருக்கல் குறி போடுவார். “இங்க வெட்டினா யாரு இருட்டுல?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு, ஓரத்தில் வீடுகளின் எண்ணிக்கையை எழுதுவார். அழிப்பார். விரல் அகலம் தள்ளி இன்னொரு குறி. ஒரு தாளை நாற்பது ஐம்பது இடத்தில் வெட்டிப் பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும்.

இரண்டாவது வழி என்று பெயர் வாங்கியவர் ஆயிற்றே, எல்லா இடத்துக்கும் வளையம்தான் கேட்பார் என்று நினைக்க வேண்டாம். “ஊர்க்கோடியில நாலு வீடு, ஒரு மோட்டார். அதுக்கு எதுக்கு ஊரைச் சுத்திக் கேபிள்? ஒத்த வழி போதும். ஆனா ஒத்த வழின்னு எழுதுங்க” என்பார். வளையத்தை ஓர் இடத்தில் திறந்தே வைத்திருப்பார்கள். பழுது வந்தால் மட்டும் அந்த சுவிட்சைச் சாத்தி மறுபக்கத்து மின்சாரத்தை விடுவார்கள். “தாழ்ப்பாள் போட்ட பின்கதவு மாதிரி. தினம் அது வழியாப் போக மாட்டோம். ஆனா அது இருக்குன்னு தெரிஞ்சாத்தான் தூக்கம் வரும்.” வலையைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. “வலைன்னா எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். நல்ல நாள்ல நல்லாத்தான் இருக்கும். ஒரு சண்டை வந்துச்சுன்னா எங்க ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாப் பக்கமிருந்தும் வந்து விழுவாங்க.”

காலடி எண்ணும் பழக்கம் பதினோரு வருடமாகத்தான். அதற்கு முன் அவரும் மற்றவர்களைப்போல நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தவர்தான்.

அப்போது சந்தைப் பகுதிக்கு ஒரு வளையம் போட்டார். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் சந்தை. வரைபடம் பெரிது என்பதால் இரண்டு தாளாக வெட்டியிருந்தார்கள். முதல் தாளின் வலது ஓரத்தில் ஒரு பாலம். ஒரு கேபிளை அதன்மேல் கொண்டுபோனார். அடுத்த வாரம் இரண்டாவது தாளை எடுத்தார். அதன் இடது ஓரத்தில் ஒரு பாலம். இன்னொரு கேபிளை அதன்மேல் கொண்டுபோனார். இரண்டு தாளையும் ஒட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாலம் ஒன்றுதான். தாளை வெட்டிய இடத்தில் அது நின்றதால் இரண்டிலும் பாதிப் பாதியாக வந்திருந்தது. வளையம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மூன்று வருடம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு தண்ணீர்க் குழாய் போட வந்தவர்கள், கேபிள்கள் பாலத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் தோண்டினார்கள். மெஷின் ஒரே கடியில் இரண்டு கேபிளையும் எடுத்துவிட்டது. முப்பத்தொரு மணி நேரம் சந்தைப் பகுதி முழுக்க இருட்டு.

மூன்றாம் நாள் கோழிக்குஞ்சு பொரிப்பகம் வைத்திருந்த ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு அட்டைத் தட்டு. முப்பது முட்டை. மேடத்தின் மேஜையில் வைத்தார். சத்தம் போடவில்லை.

“ரெண்டு வழின்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கம்மா. அதை நம்பித்தான் இருந்த ரெண்டு ஜெனரேட்டர்ல ஒண்ணை வித்துத் தள்ளிட்டேன். மிச்சம் இருந்தது ராவோட ராவா நின்னுபோச்சு. ஒத்த வழின்னு எழுதியிருந்தா வெச்சிருந்திருப்பேனே.”

அவருக்கு நாலாயிரம் முட்டைகள் வீணாகிப் போயின. அவர் எழுந்து போன பிறகும் தட்டு மேஜையிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு மேடமே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அன்றிலிருந்து வெட்டிய தாளை அவர் ஏற்பதில்லை. எல்லாவற்றையும் ஒட்டி ஒரே தாளாக்குவார். அவ்வளவு பெரிய தாளுக்கு அலுவலக மேஜை போதாது. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்துத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் அரிசி டப்பா, பருப்பு டப்பா வைத்து, அதன்மேல் முழங்காலிட்டு வேலை. கண்ணாடிக் கடைக்காரர் கடையிலிருந்து வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து அடுப்படிக்குப் போக வேண்டும்.

“வீட்டுக்குள்ள நடக்க ஒரு வழி இல்லை. ஊருக்கெல்லாம் ரெண்டு வழி போடுறா!” இது நாத்தனாரின் குரல்.

நாத்தனார், அதாவது கண்ணாடிக் கடைக்காரரின் அக்கா, பெண்கள் விடுதி ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி வீட்டோடு இருக்கிறார். மேடத்துக்கும் அவருக்கும் பேச்சில் யார் சளைத்தவர் என்று சொல்வது கடினம். “என் சர்வீஸ் பூரா ரெண்டாவது வழியைக் கண்டுபிடிச்சு அடைக்கிறதுதான் வேலை. இவளுக்குத் திறக்கிறது வேலை. ஒரே வீட்ல குப்பை கொட்டுறோம்” என்பார். இரண்டு வருடமாக அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி, பழைய மருத்துவமனைக்குப் போய் நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்பி வருகிறார். போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால். தம்பி கடையைப் பூட்டிவிட்டுத் துணைக்குப் போவார். திரும்பி வரும்போது நாத்தனாரின் முகம் பிழிந்து உதறிய துணிபோல இருக்கும். வீட்டுப் படி மூன்றையும் ஏற மூன்று முறை நிற்பார்.

இப்படி இருக்கையில்தான் ரயில் பாதைக்கு அந்தப்பக்கம், எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில், பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து டயாலிசிஸ் மையம் ஒன்று வரப்போவதாகச் செய்தி வந்தது. பன்னிரண்டு கட்டில். அடுத்த மாதம் முதல் தேதி திறப்பு. நாத்தனார் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். கூடவே எந்தக் கட்டில் ஜன்னலோரம் என்றும் பார்த்து வைத்துவிட்டார்.

மையத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் வரைபடம் மேடத்தின் மேஜைக்குத்தான் வந்தது. வளையம் போட்டார். வடக்குத் துணைமின் நிலையத்திலிருந்து ஒரு கேபிள், தெற்கிலிருந்து ஒன்று. ரயில் பாதையை இரண்டு இடத்தில் கடந்து, இரண்டும் மையத்தில் வந்து சேர வேண்டும். விதிப்படி வளைய இணைப்பு இருந்தால் மையம் ஒரு ஜெனரேட்டரோடு திறந்துகொள்ளலாம். ஒற்றை வழி என்றால் இரண்டு ஜெனரேட்டர் இருந்தே ஆக வேண்டும். மையத்துக்காரர்களிடம் இருந்தது ஒன்று.

வேலை முடிந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்று சொன்னார்கள். மேடம் குடையை எடுத்துக்கொண்டு நடக்கப் போனார். ரயில் பாதையைத் தாண்டியதும், மூடாத பள்ளம் ஒன்றில் இரண்டு ஆரஞ்சு நிறக் குழாய்கள் தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருந்தன. கேபிள் போடும் மேஸ்திரி பக்கத்தில் நின்றிருந்தார்.

“இது ரெண்டும் எங்கங்க பிரியுது?”

“எது மேடம்?”

“இந்த ரெண்டு குழாயும்.”

“பிரியலையே. ரயிலுக்கு அடியில ஒண்ணா வருது, ஒண்ணாவே போய் ஏறுது. பாருங்க, கயிறு பிடிச்ச மாதிரி எவ்வளவு நேரா இருக்கு!”

மேஸ்திரியின் முகத்தில் உண்மையான பெருமை. விஷயம் என்னவென்றால், ரயில்வேக்காரர்கள் பாதைக்கு அடியில் துளை போட ஒரே இடத்துக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது இடத்துக்கு நான்கு மாதமோ ஐந்து மாதமோ ஆகும். தேதி நெருங்குகிறது. ஆகவே இரண்டு கேபிளையும் ஒரே துளையில் விட்டு, நூற்றிருபது மீட்டர் ஒரே பள்ளத்தில் கொண்டுபோய்விட்டார்கள். தாளில் மட்டும் இரண்டு கோடும் தள்ளித் தள்ளி, அழகாக, தனித்தனியாக இருந்தன.

மேலதிகாரியை அலுவலகத்தில் ‘பெரியவர்’ என்பார்கள். மேடத்தைவிட ஆறு வயது சிறியவர், பதவிதான் பெரியது. கெட்ட மனிதர் இல்லை. பிறகு இதைச் சொல்லும்போது மேடமும் அவரைக் குறை சொல்லவில்லை.

“வளையம்னே போட்டுக் குடுத்துடுங்க மேடம். ரெண்டாவது அனுமதி வந்ததும் பிரிச்சுக்கலாம். அதுவரைக்கும் யாரு வந்து தோண்டிப் பாக்கப்போறா?”

“பள்ளம் தோண்டுற மெஷின்காரன் பாப்பான் சார்.”

“பன்னெண்டு பேஷன்ட் காத்துக்கிட்டு இருக்காங்க. அதுல ஒருத்தர் உங்க வீட்டு ஆளு.”

“தெரியும் சார். ரெண்டு நாள் குடுங்க.”

அந்த இரண்டு நாளும் கூடம் முழுக்கத் தாள்தான். மேடம் முழங்காலிலேயே இருந்தார். மையத்தை ஒட்டிய விளையாட்டு மைதானத்தின் ஓரங்களில் கம்பம் நட்டு மேலே ஒரு கம்பி இழுத்தால்? மைதானத்தின் அகலத்துக்கு நடுவிலும் ஒரு கம்பம் வேண்டும். பிள்ளைகள் ஓடும் இடத்தில் நட முடியாது. பக்கத்துப் பட்டறைத் தெருவின் டிரான்ஸ்பார்மரிலிருந்து எடுத்தால்? பட்டறைகள் ஓடும் நேரத்தில் அதற்கே மூச்சு முட்டுகிறது. பன்னிரண்டு கட்டிலைத் தாங்காது. சுற்றிக்கொண்டு ஆற்றுப்பாலம் வழியாக வந்தால்? ஏழு கிலோமீட்டர், தோண்டி முடிக்க ரயில்வே அனுமதியைவிட நாளாகும். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் போட்டு, பக்கத்தில் வைத்து, வெட்டிப் பார்த்து, ஒதுக்கினார்.

இரண்டாம் நாள் மாலை மொட்டைமாடிச் சாவியைக் கொடுக்கக் கீழே போனேன். நாத்தனார் கைத்தடியோடு தாளின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மா, இதுல நான் போகப்போற இடம் எது?”

மேடம் பென்சிலால் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினார்.

“நம்ம வீடு?”

அதையும் காட்டினார். நாத்தனார் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெதுவாகக் குனிந்து, இரண்டு விரலைத் தாளில் வைத்து அளந்தார்.

“ரெண்டு விரல் அகலம். இதுக்கு நான் ஊரைச் சுத்தி ஒண்ணே முக்கா மணி நேரம் போறேன்.” நிமிர்ந்தார். “ஒரு கையெழுத்துதான் பாக்கின்னு அந்த மையத்துப் பொண்ணு சொல்லுச்சு. யார் கையெழுத்துன்னு அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

“அண்ணி, ரெண்டு கேபிளும் ஒரே பள்ளத்துல கிடக்கு. ஒரு கடப்பாரை போதும். மிஷின் ஓடும்போது கரண்ட் போனா…”

“கரண்ட் போனா என்ன ஆகும்னு எனக்கா சொல்ற? பழைய ஆஸ்பத்திரியில ஒரு தடவை போச்சே. என் ரத்தம் பாதி வெளிய குழாயில நிக்குது. அந்த நர்ஸ் பொண்ணு வந்து மிஷினைக் கையால சுத்துச்சு. பொம்மைக் காருக்குச் சாவி குடுக்குற மாதிரி. நாலு நிமிஷம். பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “கரண்ட் போனா கையால சுத்திக்குவாங்க. பஸ் வராட்டி என்னை யாரு சுத்துறது?”

கண்ணாடிக் கடைக்காரர் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். சுவரில் சாய்த்திருந்த தடியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். நாத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார். மேடம் அந்த நூற்றிருபது மீட்டரின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஓரத்தில் எண்ணிக்கை எழுதும் இடத்தில் பன்னிரண்டு என்று எழுதினார். எனக்குச் சாவி ஞாபகம் வந்து, அவர்கள் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் போடுவதற்கு முன், தலைப்பில் இருந்த ‘வளைய இணைப்பு’ என்பதைப் பேனாவால் அடித்து, அதற்கு மேல் தெளிவான கையெழுத்தில் எழுதினார்: ‘ஒற்றை வழி. இரு கேபிள்களும் ஒரே பள்ளத்தில் உள்ளன.’ அடித்த இடத்தில் ஒரு சுருக்கொப்பம். கீழே முழுக் கையெழுத்து, தேதி. மின்சாரம் கொடுக்கத் தடை இல்லை, அன்றைக்கே கொடுக்கலாம். என்ன கொடுக்கிறோம் என்பதைத்தான் மாற்றி எழுதியிருந்தார். இரண்டாவது ஜெனரேட்டர் வரும்வரை மையம் திறக்க முடியாது. வாங்கி, வந்து, பொருத்த, பத்து வாரம்.

பெரியவர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“வீட்ல சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டு வந்தா போட முடியாது சார்.”

அன்று மாலை தேநீர் நேரத்தில் அவரே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணி, ஒண்ணாம் தேதி திறக்காது. பத்து வாரம் ஆகும்.”

“யாரு நிறுத்தினது?”

“நான்தான்.”

நாத்தனார் கோப்பையைக் கீழே வைத்தார். விடுதியில் இரவு வருகைப் பதிவு எடுத்த குரலில் கணக்குச் சொன்னார்: “பத்து வாரம். வாரத்துக்கு மூணு. முப்பது தடவை. போக வர அறுபது. ரெண்டு பஸ் மாறணும். நூத்தி இருபது பஸ்.” எழுந்து போய்விட்டார். அதன் பிறகு மேடத்தோடு பேச்சு இல்லை.

பேச்சு இல்லை என்றால் ஒரேயடியாக நின்றுபோனது என்று அர்த்தமில்லை. தம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

“தம்பி, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, இதுல உப்பு இருக்கு. எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சு போல.”

“உங்க அக்காகிட்ட சொல்லுங்க, உப்பு டப்பாவை நான் தொடவே இல்லை. அது எலுமிச்சம்பழம்.”

“எலுமிச்சம்பழம்னா முன்னாடியே சொல்லணும்னு சொல்லு.”

“சாப்பாட்டைப் பத்தி முன்னாடியே சொல்லணும்னா, பேசணும்னு சொல்லுங்க.”

“அம்மா தாயே, ரெண்டு பேரும் என்னை நடுவுல வெச்சு லைன் ஓட்டுறீங்க” என்றார் கண்ணாடிக் கடைக்காரர். “நான் சூடாயிட்டேன். ஒரு நாள் பொசுங்கிடுவேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மையத்துக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டார்கள். பெயர் கொடுத்திருந்த நோயாளிகளில் ஒருவருடைய மகன் மேடத்தைத் தெருவில் நிறுத்தி, “உங்களுக்கு என்ன மேடம், ஏசி ரூம்ல உக்காந்து கோடு கிழிக்கிறீங்க” என்றான். மேடத்தின் அறையில் இருப்பது சத்தம் போடும் மின்விசிறி ஒன்று. அதை அவர் சொல்லவில்லை. “பத்து வாரம் தம்பி” என்று மட்டும் சொன்னார். சலவைக் கடைக்காரர்கூட இரண்டு நாள் அவரைப் பார்த்துத் தலையைத் தூக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, நாத்தனார் மருத்துவமனைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, தம்பிக்குப் பதிலாக மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். வாரத்தில் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாராம். சேர்ந்து கிடக்கும் விடுப்பு ஏகப்பட்டது, எடுத்துப் பழக்கமில்லாதவர்.

“தம்பி, இவ கூட வந்தா பஸ் பறக்குமான்னு கேளு.”

“பறக்காதுன்னு சொல்லுங்க. நீங்க கடையைத் திறங்க.”

நாத்தனார் முன்னால் நடந்தார். மேடம் நான்கு அடி பின்னால். பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்த நான்கு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் வேலைக்குப் போவதும் அதே முதல் பஸ்ஸில்தான். ஆகவே அடுத்து வந்த நாட்களில் இந்த ஊர்வலத்தைத் தவறாமல் பார்த்தேன். பஸ்ஸில் நாத்தனாருக்கு யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். அவருடைய இடது கையில்தான் ஊசி ஏற்றும் நரம்பைத் தடிப்பாக்கி வைத்திருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே கயிறுபோலப் புடைத்திருக்கும். அதில் யாரும் இடிக்கக் கூடாது, எதுவும் அழுத்தக் கூடாது. மேடம் அந்தக் கைப்பக்கமாகப் போய், கூட்டத்துக்கும் அந்தக் கைக்கும் நடுவில் நின்றுகொள்வார். ஒரு கை மேல்கம்பியில், ஒரு கை இருக்கையின் முதுகில். பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருக்கும் கூட்டம் முழுக்க அவர் முதுகில் வந்து சாயும். நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். மருத்துவமனையில் நான்கு மணி நேரமும் மேடம் காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து, ரயில்வேக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டாவது துளைக்கான வரைபடத்தை மடியில் வைத்து வரைகிறார் என்று கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். இவர்கள் வீட்டுப் பேச்சு இப்போதும் அவர் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை. முந்தைய பஸ் வராததால் கூட்டம் இரண்டு மடங்கு. ஏறும்போதே மேடத்தின் தோளிலிருந்த பை ஒருவர் சட்டைப் பொத்தானில் மாட்டி, அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தது. பை நிறையச் சுருட்டிய தாள்கள். மூன்று நான்கு சுருள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நாத்தனாருக்கு ஜன்னலோர இடத்துக்குப் பக்கத்து இடம் கிடைத்தது. இடது கை நடைவழிப் பக்கம். மேடம் வழக்கம்போல அந்தப் பக்கம் வந்து நின்றார்.

“ஏம்மா, காதுல குத்துது” என்றார் பின்னால் நின்றவர்.

“மன்னிச்சுக்கோங்க.” பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

“இப்ப எனக்குக் குத்துது” என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். “கீழ வைங்களேன்.”

“கீழ ஈரமா இருக்கும்மா. தாள்.”

பஸ் திருப்பத்தில் சாய்ந்தது. கூட்டம் மொத்தமாக அவர் மேல் விழுந்தது. கம்பியைப் பிடித்த கையை விட்டால் நாத்தனாரின் மேல் சாய்ந்துவிடுவார். விடாமல் நின்றால் பை நழுவுகிறது. பட்டை தோளிலிருந்து இறங்கி முழங்கை மடிப்பில் தொங்கியது. அவர் கையை விடவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு தெரிந்தது.

நாத்தனார் எதிரே பஸ்ஸின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை.  வலது கையை மட்டும் உடம்புக்குக் குறுக்காக நீட்டி, மேடத்தின் முழங்கையிலிருந்து பையைக் கழற்றி வாங்கி, தன் மடியில் நிமிர்த்தி வைத்து, சுருள்கள் நசுங்காமல் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.